பத்து மணிப் பேய்

5 ஜனவரி 2026, திங்கள். டெல்ஃப்ட்

இன்னும் பதினாறு நாளில் அறுபத்து நான்கு வயதை எட்டப்போகிறவனும், குளிர்ப்பெட்டிகளின் காவலனும், வெற்றிடப் பம்புகளின் வேந்தனுமாகிய கெர்லோஃப் ஹூக்கமா என்னும் நான், இந்தப் புது ஏட்டின் முதல் பக்கத்தில் வலது கையை வைத்துச் சத்தியம் செய்கிறேன்: இதில் எழுதப்போகும் எதையும் ஒருவரும் நம்பப் போவதில்லை.

எப்படி நம்புவார்கள்? தொண்ணூற்றேழில் ஃப்ரீஸ்லாந்தின் பதினோரு ஊர்களையும் பனியில் சறுக்கிக் கடந்தேன், அதுவும் கோட்டுப் பைக்குள் உயிருள்ள விலாங்கு மீன் ஒன்றை வைத்துக்கொண்டு. அதை நம்பினார்களா? ஹீலியம் வால்வை ஒருநாள் மூட மறந்து ஜூலை மாதத்தில் கால்வாயையே உறையவைத்தேன். நம்பினார்களா? என் உடம்பிலிருந்து ஒளி வரும். பதினைந்து வயதில் இருட்டுத் தொழுவத்துக்குள் நான் நுழைந்தபோது ஒரு மாடு மயங்கி விழுந்தது. அதையும் நம்பவில்லை. என் அக்கா மட்டும், "உன் வாயிலேர்ந்து காத்து வரும்டா, வேற என்ன வரும்" என்றாள்.

போகட்டும். இன்று தொடங்கிய வேலை பெரிது. என் அக்கா மகள் ஹிஸ்கா செய்த சிலிக்கான் சில்லைக் குளிர்ப்பெட்டிக்குள் இறக்கினோம். அந்தச் சில்லில் ஒரு கம்பி. ஒரு தலைமுடியை நீளவாக்கில் ஆயிரமாகக் கிழித்தால் ஒரு கீற்று வருமே, அந்தப் பருமன். பூஜ்யத்துக்குக் கீழே இருநூற்று எழுபத்தொரு டிகிரியில் அது மீகடத்தியாகிவிடும். மின்சாரம் உராய்வே இல்லாமல் வழுக்கி ஓடும். அகச்சிவப்பு ஒளியின் ஒரே ஒரு துகள் வந்து இடித்தால் போதும், மின்சாரம் ஒரு கணம் தடுக்கி விழும். டிக். ஒன்று. விண்வெளியின் இருட்டைவிட என் பெட்டிக்குள் குளிர் அதிகம். இது மிகைப்படுத்தல் இல்லை, ஆனால் நான் சொன்னால் அதையும் நம்பமாட்டார்கள்.

சில்லை வாங்க நினைப்பவர்கள் நார்வேயின் பெர்கன் நகரத்து ஆய்வாளர்கள். விமானத்திலிருந்து ஒளியைப் பாய்ச்சி, காற்றில் பட்டுத் திரும்பி வரும் ஒன்றிரண்டு துகள்களை எண்ணி, கரியமிலவாயு எவ்வளவு என்று அளக்கப்போகிறார்கள். அவர்கள் கேட்பது ஒன்றே. சில்லுக்கு ஒளியைக் கொண்டுபோகும் ஒளியிழையின் வாயை அடைத்துவிட்டு, பத்து வேலைநாள் விடாமல் எண்ணிக் காட்டவேண்டும். நொடிக்கு முந்நூறைத் தாண்டக்கூடாது. அதாவது, ஒன்றும் வராததை எண்ணுவதுதான் இனி எங்கள் வேலை.

தேறினால் சில்லு பெர்கன் போகும், ஹிஸ்கா இங்கேயே இருப்பாள். தேறாவிட்டால் வேறு ஊர்க்காரர்களின் சில்லை எடுத்துக்கொள்வார்கள். மார்ச்சோடு ஹிஸ்காவின் ஒப்பந்தம் முடிகிறது. ஐந்து வருஷ உழைப்பு. அவள் கதவில் பெயர்கூடக் காகிதத்தில் எழுதி ஒட்டித்தான் இருக்கிறது.

ஒளியிழையின் வெளி நுனியை நானே உலோக மூடியால் அடைத்து, சுவரில் பொருத்தியிருக்கிற அலுமினியத் தட்டின் அடிப்பக்கம் கவ்வி வைத்தேன். என் கைவேலை. பூகம்பம் வந்தாலும் அசையாது.

6 ஜனவரி

மதியம் எண்ணத் தொடங்கினோம். நொடிக்கு இருநூற்றுப் பத்து. "வாயை அடைச்சாச்சு, இருட்டு, அப்புறம் என்ன இருநூத்திப் பத்து?" என்று ஹிஸ்காவைக் கேட்டேன்.

"இருட்டுன்னு யார் சொன்னா மாமா? அந்த மூடியே கொஞ்சம் ஒளி விடுது. சூடு இருக்கற எல்லாமே விடும். சுவர், நாற்காலி, பம்பு. நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒளி, அவ்வளவுதான். அதுல ஒண்ணு ரெண்டுதான் இழை வழியா உள்ள போகுது."

"அப்ப நான்?"

"நீங்களும்தான்."

"நாற்பத்தெட்டு வருஷமா நான் சொல்றது அதானே! மாடே விழுந்துச்சு!"

திரையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். அக்காவின் மகள்தானே.

இங்கே ஓர் இரகசியத்தைப் பதிவு செய்கிறேன். பத்து மணிக்கு எல்லோரும் காப்பி அறைக்குப் போவோம். ஒரு காப்பி, ஒரு பிஸ்கட். அதோடு டப்பா மூடப்படும். இரண்டாவது பிஸ்கட்டுக்குக் கை நீட்டினவனை இந்த நாட்டில் மன்னித்ததாகச் சரித்திரம் இல்லை. ஆகவே நான் அறிவைப் பயன்படுத்துகிறேன். எல்லோரும் ஆய்வகத்திலிருந்து எழுந்துபோனபின், சுடச்சுட இன்னொரு காப்பியை உள்ளே கொண்டுபோய்ச் சுவர்த் தட்டில் வைத்து, கோப்பையின் வாயில் ஒரு பாகு வேஃபரை மூடி போலப் போட்டுவிட்டுப் போவேன். நல்லபிள்ளையாகக் காப்பி அறையில் காய்ந்த பிஸ்கட்டைக் கடிப்பேன். இருபத்தைந்து நிமிஷம் கழித்து, மற்றவர்களுக்கு முன்னால் திரும்பினால் ஆவியில் வேஃபர் மெத்தென்று தொய்ந்து, நடுவில் பாகு உருகி... ராஜாக்களுக்குக் கிடைக்காது.

ஆய்வகக் கதவில் "உள்ளே உணவும் பானமும் கூடாது" என்ற அறிவிப்பு இருக்கிறது. கீழே கையெழுத்து: கெர்லோஃப். எழுதியவனுக்குத்தானே அதன் அருமை தெரியும்.

7 ஜனவரி

காலை பத்து மணி வாக்கில் எண்ணிக்கை ஆயிரத்து நூறு. பிறகு தானே இறங்கிவிட்டது. ஹிஸ்கா மதியம் ரொட்டியைத் தொடவில்லை.

8 ஜனவரி

மறுபடியும். அதே பத்து மணி.

"பத்து மணிக்கு ஆய்வகத்துக்குள்ள யாராவது போறீங்களா?" ஹிஸ்கா எல்லோரையும் வரிசையாகக் கேட்டாள். என்னையும்.

"நானா? கதவுல இருக்கற கையெழுத்து யாரோடது?"

கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியவில்லை, அவள் என்னை நம்புகிறாள். ஒரு கோப்பை காப்பிக்கும் மைனஸ் இருநூற்று எழுபத்தொன்றுக்கும் என்ன சம்பந்தம்? கோப்பை எந்தக் கம்பியையும் தொடவில்லை. சொல்லி எதற்கு வீண் கலாட்டா.

9 ஜனவரி, வெள்ளி

மின்தூக்கி என்றார்கள், பத்து மணிக்கு நிறுத்திப் பார்த்தார்கள். வந்தது. செல்பேசிகள் என்றார்கள், எல்லாவற்றையும் அணைத்தார்கள். வந்தது. அறையில் ஈ காக்கை இல்லாதபோது சரியாகப் பத்துக்கு வருகிறது.

"பேய்தான்" என்றேன். முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி தேய்க்கும் ஒருவன் இருந்தான், மூடுபனியில் கால்வாயில் விழுந்து செத்தான், அவன் வேலைக்குக் கிளம்பும் நேரம் காலை பத்து என்று விவரமாகச் சொன்னேன். தேய்த்த கண்ணாடியை இன்னும் தேடுகிறானாம்.

"முந்நூத்தம்பது வருஷத்துக்கு முன்னால இங்க மாட்டுப் புல்வெளிதான் இருந்துச்சு பெரியவரே" என்றான் ஷூர்ட். மின்சுற்றுகளைக் கவனிக்கிறவன். உண்மைகளைத் தவிர வேறு எதையும் சாப்பிடாதவன்.

"அப்ப மாட்டுப் பேய்."

எல்லோரும் சிரித்தார்கள். ஹிஸ்காவும் கொஞ்சம் சிரித்தாள். அதற்காகத்தான் சொன்னேன்.

13 ஜனவரி

நேற்று ஷூர்ட் காப்பிக்கு வராமல் ஆய்வகத்திலேயே காவல் உட்கார்ந்தான். பேய் வரவில்லை. (அவன் உட்கார்ந்திருக்கும்போது நான் எப்படிக் கோப்பையோடு போவேன்? பேசாமல் இருந்துவிட்டேன்.) இன்று அவன் எழுந்து வந்தான், பேய் வந்தது. அதுவும் இன்று இரண்டு தடவை, வரைகோட்டில் இரண்டு மேடு.

"ஆளைப் பார்த்தா ஒளிஞ்சுக்குது" என்றான் ஷூர்ட். கடவுளையே நம்பாத ஆள் முகத்தில் ஒரு கலவரம் பார்த்தேன். பரம திருப்தி.

14 ஜனவரி

ஹிஸ்கா குறைவாகப் பேசுகிறாள். சில்லிலேயே ஏதோ விரிசல் இருக்கலாம், கம்பியில் எங்கோ ஓர் இடம் மெலிந்திருக்கலாம் என்று நுண்நோக்கிப் படங்களை மூன்று மணிநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கைவேலையைத் தானே சந்தேகப்படுகிறாள்.

எனக்கும் இப்போது வேடிக்கை குறைந்து ஆர்வம் கூடியிருக்கிறது. என்னதான் அது? எங்கிருந்து வருகிறது? ஏன் அரைமணி மட்டும்?

16 ஜனவரி, வெள்ளி

பல் வைத்தியரிடம் போனேன். (என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க நாலு பேரும் ஒரு டிராக்டரும் தேவைப்பட்டன.) மதியம் வந்து கேட்டேன், இன்று பேய் வரவில்லையாம்.

"நீங்க இல்லன்னா அதுக்குப் போரடிக்குது" என்றார் வில்லமைன். எங்கள் தலைவி. நான் பெருமையாகத் தலையாட்டினேன். (இருபதாம் தேதி சேர்த்தது: முட்டாள்.)

19 ஜனவரி, திங்கள்

பெர்கனிலிருந்து ராக்னில் என்கிற அம்மையார் வெள்ளிக்கிழமை நேரில் வருகிறார். எண்ணிக்கைக் கோப்பு முழுவதையும் அனுப்பியாயிற்று. மேடுகளை மறைக்கலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை, ஹிஸ்கா மறைக்க விடவும் மாட்டாள்.

"என்ன சொல்லுவாங்க?" என்றேன்.

"காரணம் தெரியாத கோளாறுன்னு சொல்லுவாங்க. விமானம் மேல போன பிறகு பத்து மணிக்கு இப்படி ஆயிட்டா? திரும்பி வந்த துகள் எது, பேய் எதுன்னு யார் பிரிக்கிறது?"

"நாளையிலேர்ந்து தானா நின்னு போச்சுன்னா?"

"அது இன்னும் மோசம் மாமா. தானா போன பேய் தானா திரும்பி வரும்."

20 ஜனவரி

 நிதானமாக எழுதவேண்டும்.

ஹிஸ்கா மேடுகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அச்செடுத்து மேசையில் விரித்திருந்தாள். "எல்லாம் ஒரே உருவம். பாருங்க. கிடுகிடுன்னு ஏறுது, அப்புறம் மெள்ள மெள்ள இறங்குது, பத்து இருபத்தேழுல திடீர்னு ஒரு மடக்கு, சறுக்கிக்கிட்டுக் கீழ வந்துடுது. மின்சாரக் கோளாறு இப்படி வராது."

நான் நாற்பது வருஷமாகக் குளிர்கிற பொருள்களின் வளைகோட்டைப் பார்த்துப் பிழைக்கிறவன். அந்த மெதுவான இறக்கத்தைப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. ஏதோ ஒன்று ஆறுகிறது. சூடாக வைக்கப்பட்ட ஒன்று, தானாக ஆறிக்கொண்டு வருகிறது. பத்து இருபத்தேழுக்கு அதை யாரோ எடுத்துவிடுகிறார்கள்.

பத்து இருபத்தேழுக்கு யார் எதை எடுக்கிறார்கள்?

பதின்மூன்றாம் தேதி இரண்டு மேடு. பதின்மூன்றாம் தேதி நான் இரண்டாவது கோப்பை ஊற்றிக்கொண்டேன். வேஃபர் தடியாக இருந்தது, முதல் கோப்பையில் சரியாகத் தொய்யவில்லை.

பதினாறு, பல் வைத்தியர். பன்னிரண்டு, ஷூர்டின் காவல்.

தட்டுக்கு மேலே என் கோப்பை. தட்டுக்கு அடியில் — என் கையாலேயே கவ்வி வைத்தேனே — அந்த உலோக மூடி. சூடு இருக்கிற எல்லாமே ஒளி விடும். மூடி சூடாகச் சூடாக ஒளி கூடும். இரண்டு வாரமாக உலகத்தின் ஆகக் குளிர்ந்த கண் ஒன்று என் காப்பி ஆறுவதை அணு அணுவாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

அழகாக இல்லையா? இல்லை கேட்கிறேன், அழகுதானே? ஒரு நிமிஷம் எனக்கு வேறு எதுவுமே தோன்றவில்லை.

அப்புறம்தான் ஹிஸ்காவின் முகத்தைப் பார்த்தேன். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வில்லமைன் உள்ளே வந்தார். மூடிக்கொண்டேன்.

பேசாமல் கோப்பையை நிறுத்திவிடலாமா? யாருக்கும் தெரியாது. ஆனால் தானா போன பேய்... அவளே சொல்லிவிட்டாளே. காரணம் தெரிந்தால்தான் அவள் பிழைப்பாள். காரணம் நான்தான். சே, என்னடா பண்ணி வெச்சிருக்கே கெர்லோஃப்.

21 ஜனவரி. என் பிறந்தநாள்

பிறந்தவனே கேக் கொண்டுவரவேண்டும் என்பது முறை. ஆப்பிள் கேக் கொண்டுபோனேன். நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். எல்லோரும் எல்லோருக்கும் கை கொடுத்தார்கள். "உங்க மாமாவுக்காக வாழ்த்துகள்" என்று ஹிஸ்காவுக்கும் ஆளாளுக்குச் சொன்னார்கள். அவள் நன்றி சொல்லிக்கொண்டே இருந்தாள், கண்ணுக்குக் கீழே கருவளையம்.

நான் எழுந்தேன். கேக் வெட்டும் கத்தி கையில் இருந்தது, கீழே வைக்கத் தோன்றவில்லை.

"எல்லாரும் கேளுங்க. பேய் நான்தான். தினம் பத்து மணிக்கு ஆய்வகத்துத் தட்டுல ஒரு கோப்பை காப்பி வைக்கிறேன், அதும்மேல வேஃபர். அந்தச் சூட்டைத்தான் சில்லு எண்ணுது."

 அறை சிரிப்பில் அதிர்ந்தது. வில்லமைன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "விலாங்கு மீன் எங்க? அதையும் தட்டுல வெச்சீங்களா?" என்றான் ஷூர்ட். யாரோ கைதட்டினார்கள்.

"சத்தியமா சொல்றேன்!"

"மாடு மேல சத்தியமா?"

ஹிஸ்கா மட்டும் சிரிக்கவில்லை. நடைவழியில் என்னைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்னைக் காப்பாத்தறதுக்காகக் கதை கட்டாதீங்க மாமா. இன்னைக்கு வேண்டாம். உங்களைத்தான் நான் முதல்லயே கேட்டேனே? இல்லன்னுதானே சொன்னீங்க?"

"இல்லன்னு சொல்லலை. கையெழுத்து யாரோடதுன்னுதான்..."

"போதும் மாமா."

அறுபத்து நான்கு வருஷத்தில் முதல்முறையாக ஒரு முழு உண்மையைச் சபையில் வைத்தேன். அதை எடுத்து விலாங்கு மீனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள்.

கேக் நன்றாக இருந்ததாம். நான் சாப்பிடவில்லை.

22 ஜனவரி

முறைப்படி ஒரு கடிதம் எழுதினேன். அலங்காரம் எதுவும் இல்லாமல், தேதி, நேரம், கோப்பையின் கொள்ளளவு என்று. அரைமணியில் வில்லமைன் கூப்பிட்டார்.

"நல்ல மனசு உங்களுக்கு. அக்கா மகள்னா இப்படித்தான். ஆனா இதை நான் ராக்னில்கிட்ட காட்டினா, நாங்க ஒரு ஆளைப் பலி கொடுத்துத் தப்பிக்கப் பாக்கறோம்னு நினைப்பாங்க."

"கோப்பையை வெச்சுக் காட்டறேன், வாங்க."

"நாளைக்கு அவங்க வர்ற நேரத்துல ஓடற கணக்குல கை வைக்கக்கூடாது. தயவுசெஞ்சு." கடிதத்தை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார். "ஒண்ணு கேக்கறேன். முந்நூத்தம்பது மில்லிலிட்டர்னு போட்டிருக்கீங்களே, அவ்வளவு பெரிய கோப்பையா?"

அதைத்தான் மிகைப்படுத்தல் என்று நினைத்தார். அந்தக் கோப்பை உண்மையிலேயே அவ்வளவு பெரிது.

23 ஜனவரி, வெள்ளி

ஒவ்வொன்றாக எழுதுகிறேன், ஒரு சொல்லும் கூட்டாமல். முயல்கிறேன்.

ராக்னில் ஒல்லியான, அவசரப்படாத அம்மையார். ஈரக் குடையைத் தானே மடித்துத் தொங்கவிட்டார். எண்ணிக்கைக் கோப்பைத் திறந்து பார்த்தார். "இது என்ன?" என்று மேடுகளைத் தொட்டார்.

"தெரியலை" என்றாள் ஹிஸ்கா. அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

"கெர்லோஃப்..." என்றார் வில்லமைன்.

"அவர் கொஞ்சம் கதை சொல்றவர்" என்று ஷூர்ட் அம்மையாரிடம் தணிந்த குரலில் சொன்னான்.

நான் சொன்னேன். கோப்பை, வேஃபர், தட்டு, மூடி. பதின்மூன்றாம் தேதி இரண்டு கோப்பை. ராக்னில் அசையாமல் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "இவங்க யாரும் உங்களை நம்பலையே, ஏன்?" என்றார்.

"நான் நிறையப் பொய் சொல்லியிருக்கேன் அம்மா. நாற்பது வருஷமா. எல்லாம் நல்ல பொய்ங்க."

"நானும் உங்களை நம்பலை."

தலை குனிந்தேன்.

"நம்ப வேண்டியதும் இல்லை" என்றார். "அதுக்குத்தானே இவ்வளவு செலவு பண்ணி ஒரு கருவி செஞ்சிருக்கீங்க? அதையே கேட்டுடலாம்."

ஹிஸ்காவையும் வில்லமைனையும் பக்கத்து அறையில் திரையின் முன் உட்காரவைத்தார், கதவைச் சாத்தினார். ஒரே மாதிரி மூன்று கோப்பை கேட்டார்: ஒன்றில் சூடான காப்பி, ஒன்றில் குளிர்ந்த தண்ணீர், ஒன்று காலி. கைப்பையிலிருந்து ஒரு பகடைக் காயை எடுத்தார். (பையில் பகடை வைத்திருக்கும் அம்மையார்! இதை நான் கற்பனை செய்திருந்தால் அதிகப்படி என்று நானே அடித்திருப்பேன்.) பகடை சொல்கிற கோப்பையை ஷூர்ட் தட்டில் வைக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் கால்மணி. நடுவில் தட்டு பழையபடி ஆறும்வரை காத்திருக்கவேண்டும். யாரும் பேசக்கூடாது. என்னை ஒரு முக்காலியில் உட்காரவைத்து, வாயைத் திறக்கக்கூடாது என்று தனியாக ஒருமுறை சொன்னார். ஐந்தே நிமிஷத்தில் என்னைப் புரிந்துகொண்டவர் உலகத்திலேயே அவர்தான்.

முதலில் குளிர்ந்த தண்ணீர். கதவுக்குப் பின்னாலிருந்து ஹிஸ்காவின் குரல்: "இருநூத்திப் பத்து... இறங்குது. நூத்தித் தொண்ணூறு. சில்லுன்னு ஏதோ வெச்சிருக்கீங்க."

ஷூர்ட் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

இரண்டாவது, காலி. "ஒண்ணும் இல்லை. இல்லைன்னா காலிக் கோப்பை."

மூன்றாவது, காப்பி. "முந்நூறு. நானூத்தம்பது. எழுநூறு..." குரல் மாறிக்கொண்டே போனது. "ஆயிரம். மாமா... இது அதேதான். அதே உருவம்."

பேசக்கூடாது என்பதால் நான் பேசவில்லை. ஆனால் என் முன்னால் ஒரு கோப்பை காப்பி ஆவி பறந்துகொண்டிருக்கிறது. மூன்று நாளாக நான் காப்பியை வாயில் வைக்கவில்லை. கை தன்னால் போனது. ஒரே ஒரு வாய். அவ்வளவுதான்.

"ஐயோ, யாரோ கோப்பையை எடுத்துட்டாங்க!" என்று கத்தினாள் ஹிஸ்கா. "மடக்கு விழுது. பத்து இருபத்தேழு மடக்கு!"

ராக்னில் என்னைப் பார்த்தார். நான் கோப்பையைத் திரும்ப வைத்தேன். அவர் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

ஆறு முறை நடந்தது. ஆறும் சரி.

ஹிஸ்கா வெளியே வந்தாள். கட்டிப் பிடிப்பாள் என்று நினைத்தேன். என் எதிரே வந்து நின்று, தணிந்த குரலில் சொன்னாள். "ரெண்டு வாரம் மாமா. என் கம்பியில விரிசல்னு நினைச்சு ராத்திரி தூங்கலை. நீங்க பேய்க் கதை சொல்லிட்டிருந்தீங்க."

 வாழ்நாளில் எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது.

"ஆமா" என்றேன்.

ராக்னில் கோட்டை மாட்டிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "கோளாறு சில்லுல இல்லை, தட்டுல இருக்கு. ஆனா என் பத்து நாள் எனக்கு வேணும். மூடியை வேற இடத்துக்கு மாத்துங்க, திங்கள்லேர்ந்து புதுசா எண்ணுங்க. ஒரு மேடு வந்தாலும் நான் வேற ஊர்க்காரங்களோட சில்லை எடுத்துக்குவேன்."

எனக்கான தண்டனையை வில்லமைன் அறிவித்தார்: பத்து நாளைக்கு ஆய்வகத்துக்குள் கால் வைக்கக்கூடாது. பம்புகளை ஷூர்ட் பார்த்துக்கொள்வான். ஆய்வகக் கதவு அறிவிப்பில் என் கையெழுத்துக்குக் கீழே சிவப்பு மையில் "கெர்லோஃபுக்கும் சேர்த்து" என்று எழுதிவிட்டார்.

26 ஜனவரி, திங்கள்

ஒரு காப்பி. ஒரு காய்ந்த பிஸ்கட்.

29 ஜனவரி

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன். என் பம்பின் சத்தம் இங்கிருந்தே கேட்கிறது. வால்வை ஷூர்ட் அரைச் சுற்று அதிகமாகத் திருகுகிறான், சொன்னால் நம்பமாட்டான்.

பார்த்துக்கொண்டே யோசித்தேன். நான் காப்பி அறையில் உட்கார்ந்திருக்கும்போது இந்த மேசை, இந்த ஜன்னல், வெளியே சைக்கிளில் மழையில் நனைந்துபோகிற அந்தப் பெண் எல்லாம் சத்தமில்லாமல் ஒளி விட்டுக்கொண்டிருக்கிறது. நாம்தான் பார்ப்பதில்லை. நமக்குச் சூடு அதிகம். பார்க்கவேண்டுமென்றால் முதலில் தான் குளிரவேண்டும் போலிருக்கிறது.

2 பிப்ரவரி

இருநூற்றெட்டு. இருநூற்றுப் பதினொன்று. இருநூற்றொன்பது. ஹிஸ்கா போகிறபோக்கில் நடைவழியில் எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறாள். வேறு பேச்சு இல்லை. எண்ணாவது சொல்கிறாளே.

4 பிப்ரவரி

காலை இருநூற்று முப்பது என்றாள். என்ன ஆச்சு என்று பின்னாலேயே ஓடினேன். வெப்பமூட்டியைத் துப்புரவுக்காரர் ஒரு படி கூட்டி வைத்துவிட்டாராம். இறங்கிவிட்டது. வியாழனும் வெள்ளியும் மிச்சம்.

6 பிப்ரவரி, வெள்ளி

மாலை ஐந்து மணி. பத்தாவது நாள் முடிந்தது. ஒரு மேடும் இல்லை. தரைமட்டமான கோடு, எங்கள் நாட்டைப் போலவே. இவ்வளவு அழகான, இவ்வளவு சப்பென்ற ஒரு படத்தை நான் பார்த்ததே இல்லை. கோப்பு பெர்கனுக்குப் போய்விட்டது.

9 பிப்ரவரி

பதில் இல்லை. திரும்ப ஆய்வகத்துக்குள் விட்டார்கள். வால்வை அரைச் சுற்றுத் தளர்த்தினேன்.

12 பிப்ரவரி, வியாழன்

பெர்கனிலிருந்து சம்மதம் வந்துவிட்டது. இன்று என் திருப்புளியால் நாலு திருகாணிகளை முடுக்கினேன். ஹிஸ்காவின் கதவில் காகிதத்தைக் கிழித்துவிட்டுப் பித்தளைத் தகடு. எழுத்து ஆழமாகச் செதுக்கியது. அவள் பக்கத்தில் நின்று கோணலா நேரா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "இன்னும் இறுக்குங்க மாமா" என்றாள். இறுக்கினேன்.

ஆறு முறை கோப்பை வைத்து எடுத்த வரைகோட்டுப் படத்தை யாரோ சட்டம் போட்டுக் கழிப்பறையில், எல்லோருடைய பிறந்தநாளும் எழுதியிருக்கிற நாட்காட்டிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். மடக்கு விழுந்த இடத்தில் சின்னதாக ஒரு விலாங்கு மீன் வரைந்திருக்கிறது. ஷூர்டின் வேலை. அவனுக்கு வரையத் தெரியும் என்று யாருக்குத் தெரியும்?

மதியம் ஹிஸ்கா கூப்பிட்டாள். ஒளியிழையின் மூடியைக் கழற்றி, நுனியை ஒரு கறுப்புத் துணிப்பைக்குள் விட்டுக் கட்டியிருந்தாள். பைக்கு ஒரு கை நுழைகிற அளவு வாய். "உள்ள விடுங்க. எதையும் தொட வேண்டாம். நுனிக்கு நேரா சும்மா காட்டுங்க."

விட்டேன். இருட்டு. ஒன்றும் தெரியவில்லை, ஒன்றும் படவில்லை.

திரையில் இருநூற்றுப் பத்து, நானூறு ஆகி, ஐந்நூற்று எழுபதில் நின்றது.

"இது தட்டுச் சூடு இல்லை, மூடிச் சூடு இல்லை" என்றாள். "நேரா உங்க கைதான். நீங்க விடற ஒளி."

எல்லோரும் வரிசையில் வந்து கைவிட்டார்கள். வில்லமைன் ஐந்நூறு. ஷூர்ட் நானூற்று இருபது. "உண்மை பேசறவன் உடம்புல சூடு இருக்காது" என்றேன். என்னுடையதுதான் அதிகம். "காப்பிக் கோப்பையைப் பிடிச்சுக்கிட்டு நேரா வந்திருக்கார், செல்லாது" என்று ஷூர்ட் ஆட்சேபம் எழுப்பினான். அது விசாரணையில் இருக்கிறது.

எல்லோரும் போனபின் மறுபடி ஒருமுறை கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். பக்கத்து அறையிலிருந்து, திரையைத் தவிர எதையும் பார்க்கமுடியாத ஹிஸ்காவின் குரல் வந்தது.

"மாமா, கையை எடுங்க. நான் அளந்துட்டிருக்கேன்."

எடுத்தேன்.

ஆகவே, முதல் பக்கத்தில் செய்த சத்தியத்தில் ஒரு திருத்தம். பதினோரு ஊர்களில் நான் சறுக்கியது மூன்றுதான், விலாங்கு மீன் செத்திருந்தது. கால்வாய் உறையவில்லை. தொழுவத்து மாடு தூக்கம் வந்து படுத்தது. ஆனால் என் உடம்பிலிருந்து ஒளி வருகிறது என்று சொன்னேனே, அந்தச் சின்ன விஷயம் மட்டும் நிஜம்.